தாயும் ஆனவர்கள்

சிவபெருமான் மதுரையில் போட்ட வேஷங்கள் நம் எல்லோருக்கும் தெரியும். விறகு விற்றார். வளையல் விற்றார். பிட்டுக்கு ஆசைப்பட்டு மண் சுமந்து பிரம்படியும் பட்டார். ஆனால் அவர் போட்ட வேஷங்களில் கடினமானது எது என்று என்னைக் கேட்டால் நான் திருச்சிராப்பள்ளிப் பக்கம்தான் கை காட்டுவேன். அங்கே ரத்னாவதி என்று ஒரு செட்டிப் பெண், நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவம் பார்க்க வரவேண்டிய தாய் காவிரிக்கு அக்கரையில் நிற்கிறாள். ஆற்றில் வெள்ளம். பெண்ணுக்கோ வலி கண்டுவிட்டது. அப்போது தாய் வந்து கதவைத் தட்டுகிறாள். பெண்ணின் கையைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, பிள்ளையை எடுத்து, குளிப்பாட்டி, பத்தியம் வைத்து, வெள்ளம் வடிகிற வரையில் கூடவே இருக்கிறாள். வெள்ளம் வடிந்த பிறகு இன்னொரு தாய் மூட்டையும் முடிச்சுமாக வாசலில் வந்து நிற்கிறாள். அப்போதுதான் இத்தனை நாளும் உள்ளே இருந்தது யார் என்று தெரிகிறது. மலைமேல் இருப்பவருக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதை இதுதான்.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. கடவுள் நினைத்திருந்தால் வலியே இல்லாமல் பிள்ளை பிறக்கச் செய்திருக்கலாம். அது அதிகம் என்றால் வெள்ளத்தையாவது வடியச் செய்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். இந்தக் கதையை முதலில் சொன்னது ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிரசவ அறையில் எது வேண்டும் என்று தெரிந்த ஒருத்தி.

எங்கள் காஞ்சிபுரத்திலும் இதற்குக் குறைவில்லை. காமாட்சியம்மன் கோயிலில் பிள்ளை வரம் கேட்பவர்கள் சுற்றி வருவதற்குச் சந்தான ஸ்தம்பம் என்று ஒரு தூணே உண்டு. பிள்ளை வேண்டும் என்று கேட்பதற்குத் தூண் இருக்கிறது; பிள்ளை பிறக்கிற நேரத்தில் பிடித்துக்கொள்வதற்கு? அந்தத் தூணின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். அது கல்லால் ஆனது அல்ல. அதற்கு ஒரு காலத்தில் மருத்துவச்சி என்று பெயர்.

மிகப் பழைய சாட்சி சரக சம்ஹிதை. அதில் சாரீரஸ்தானத்தின் எட்டாம் அத்தியாயம் கர்ப்பத்தையும் பிரசவத்தையும் பற்றிப் பேசுகிறது. பிரசவத்துக்குத் தனி வீடு எப்படிக் கட்டவேண்டும், உள்ளே என்னென்ன வைக்கவேண்டும் என்றெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தவர், உள்ளே இருக்கவேண்டிய பெண்களைப் பற்றியும் சொல்கிறார். பலமுறை பிள்ளை பெற்றவர்களாக இருக்கவேண்டும். அவளிடம் பிரியம் உள்ளவர்களாக இருக்கவேண்டும். சாமர்த்தியசாலிகளாக, அவளுக்குத் தைரியம் சொல்லித் தேற்றக்கூடியவர்களாக இருக்கவேண்டும். நெய், உப்பு, மூலிகை என்ற சாமான்களின் வரிசையில் பிரியத்தையும் ஒரு சாமானாக வைத்த வைத்தியர் அவர்.

காஞ்சிக்குத் தென்கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனுடைய நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோயிலோடு சேர்ந்து 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்திருக்கிறது. ஒரு வைத்தியர், சத்திர சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் இரண்டு பெண்கள், ஒரு நாவிதர் என்று யார் யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரையில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படுக்கைகள் அங்கே படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரியவை. பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிக் காரியமாகவில்லை. அது வீட்டுக் காரியமாகவே இருந்தது. அதைக் கவனிக்க வந்தவள் பெரும்பாலும் அந்த நாவிதர் வகுப்பைச் சேர்ந்த பெண்தான். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் அப்படியே இருந்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஆண் க்ஷவரமும் ரண வைத்தியமும் செய்ய, பெண் பிரசவம் பார்த்ததை அவரும் எழுதி வைத்திருக்கிறார்.

என் பாட்டி காஞ்சியில் ஒரு நெசவாளர் தெருவில் ஒன்பது பிள்ளை பெற்றவள். அதில் தங்கியது ஐந்து. இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துப் போன பிறகு பிறந்த மாமாவுக்குப் பிச்சை என்று பெயர். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு ஒரு பிச்சையும் ஒரு குப்பம்மாளும் இருப்பார்கள். இது எமனுக்குச் செய்த தந்திரம். பிச்சை எடுத்த பொருள், குப்பையில் கிடந்த பொருள் என்று சொன்னால் அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான் என்ற நம்பிக்கை. பெயரிலேயே பயத்தை எழுதி வைத்திருந்த தலைமுறை அது.

பாட்டி மருத்துவச்சியைப் பற்றிச் சொல்லும்போது அவளுடைய கைத்திறமையை அதிகம் சொல்லமாட்டாள். அவள் வந்து உட்கார்ந்த விதத்தைத்தான் சொல்வாள். உள்ளே நுழைந்ததும் தறியை நிறுத்தச் சொல்வாளாம். அவிழ்க்கக்கூடிய முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்து, பூட்டிய பெட்டிகளைத் திறந்து, கூந்தலையும் தளர்த்திவிடுவாளாம். வீட்டில் எல்லாம் திறந்திருந்தால் வயிறும் திறக்கும் என்பது சாஸ்திரம். பிறகு வெற்றிலையை மென்றுகொண்டு, முதுகைத் தடவிக்கொண்டு, "இதோ ஆச்சு கண்ணு, இன்னும் கொஞ்சம்" என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டே இருப்பாளாம். அந்தக் கொஞ்சம் எத்தனை மணி நேரம் என்று பாட்டிக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நம்பினாளாம்.

பெட்டியைத் திறந்தால் பிள்ளை வருமா என்று இன்றைக்குச் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன்னால் அந்த வேலையில் ஒரு பிரயோஜனம் இருந்ததைப் பார்க்கவேண்டும். வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் செய்ய ஏதோ ஒன்று கிடைத்தது. நடுவில் கிடந்தவளுக்குத் தனக்காக வீடே கை நீட்டுகிறது என்று தெரிந்தது.

இந்த மருத்துவச்சிக்கு நாம் கொடுத்த மரியாதை என்ன? தொப்புள்கொடி அறுப்பது தீட்டான வேலை என்று அதை அவள் தலையில் கட்டினோம். பிள்ளையை முதலில் கையில் வாங்கியவள் அவள். தீட்டுக் கழிந்த மறுநாள் அதே பிள்ளையைப் பார்க்க வந்தால் திண்ணைக்குமேல் அவளுக்கு இடமில்லை. கூலி கொஞ்சம் அரிசி, வெற்றிலைபாக்கு, ஒரு பழம்புடவை. பட்டுப் புடவைக்குப் பேர்போன ஊரில் அவளுக்குக் கொடுத்தது பழம்புடவை.

அவளிடம் இருந்தது இருப்பு, இல்லாதது சுத்தம். இது அவளுடைய குற்றம் என்று சொல்லிவிட முடியாது. சுத்தத்தின் ரகசியம் மேல்நாட்டு டாக்டர்களுக்கும் அப்போது தெரியாது. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள். படித்தவர்கள் பார்த்த பிரிவில்தான் பிரசவ ஜுரத்தால் செத்தவர்கள் மிக அதிகம். தங்களை அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம். பிணத்தை அறுத்துப் படித்த கையோடு பிரசவ அறைக்கு வருவதுதான் காரணம் என்று 1847இல் ஸெம்மல்வெய்ஸ் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் அவருடைய பேச்சைப் பெரிய டாக்டர்கள் பலர் கேட்கவில்லை. அதே 1847இல்தான் எடின்பரோவில் ஸிம்ப்ஸன் பிரசவ வலிக்குக் குளோரோபாரம் கொடுத்தார். 1853இல் விக்டோரியா மகாராணியே அதை முகர்ந்து பிள்ளை பெற்ற பிறகு உலகம் அதை ஒப்புக்கொண்டது. வலியை மறக்கச் செய்வதற்கு மகாராணி சாட்சி கிடைத்தாள். கை கழுவுவதற்கு அப்படி ஒரு சாட்சி கிடைக்கவில்லை.

நம் பக்கத்தில் சென்னை எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844இல் தொடங்கியது. இருந்தும் நம் பெண்கள் ஆண் டாக்டரிடம் போவதைவிடச் செத்துப்போவது மேல் என்று இருந்தார்கள். சென்னையில் இருந்த ஒரு பாரிஸ்டரின் மனைவி மேரி ஷார்லீப் இதைப் பார்த்துப் பொறுக்காமல், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து படித்தார். பிறகு லண்டனிலும் படித்துவிட்டு வந்து 1885இல் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று இருப்பது அதுதான்.

காஞ்சிக்குத் தெற்கே திண்டிவனத்தில் நடந்தது இன்னும் உருக்கமானது. 1890களின் தொடக்கத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் பாதிரி டாக்டரான தன் தகப்பனாரைப் பார்க்க வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்ற அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. தகப்பனாரை அழைத்துப் போங்கள் என்றார். அந்நிய ஆண் பார்க்கக்கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்து போயிருந்தார்கள். அந்தப் பெண் 1899இல் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி வந்தார். 1902இல் காஞ்சிக்கு மேற்கே வேலூரில் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் வந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னையில் பட்டம் பெற்று எழும்பூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்.

இவர்கள் எல்லாம் சேர்ந்து போட்ட பாதை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தன. 2018-20 கணக்கில் லட்சம் பிரசவங்களுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் சேர்த்தால் 97. பிச்சை, குப்பம்மாள் என்ற பெயர்கள் அருகிப் போயின. எமனை ஏமாற்ற வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. இந்த லாபத்தை யாராவது சின்னதாகப் பேசினால் நான் சண்டைக்கு வருவேன். ஒன்பது பெற்று ஐந்தைக் காப்பாற்றிய பாட்டியின் பேத்தி நான்.

ஆனால் லாபக் கணக்கில் ஒரு நஷ்டமும் எழுதியாக வேண்டும். ஆஸ்பத்திரி மருத்துவச்சியின் அழுக்குக் கையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியபோது, அந்தக் கையோடு ஒட்டியிருந்த இருப்பும் வெளியே போய்விட்டது. தாய், அத்தை, பாட்டி எல்லோரும் தாழ்வாரத்து பெஞ்சில். பெண் மட்டும் உள்ளே. 1995இல் ஸெஸிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் தமிழ்நாட்டுப் பெண்களிடம் பிரசவக் கதைகளைக் கேட்டு, 2003இல் புத்தகமாக வெளியிட்டார். உயிர் பிழைத்ததற்கு நன்றி சொன்ன பெண்களே, உள்ளே வாங்கிய ஏச்சையும் பேச்சையும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கும் ஓர் ஆஸ்பத்திரி அறை ஞாபகம் இருக்கிறது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். டாக்டர் கெட்டிக்காரர். கருவிகள் பளபளவென்று இருந்தன. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். என் அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளுடைய இருமல் சத்தம்கூட எனக்குக் கேட்டது. ஏழு மணி நேரம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வலி பெரிதா, பயம் பெரிதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தரையைத் துடைக்க வந்த ஆயா ஒருத்தி போகிற போக்கில் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் நெற்றியில் வைத்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வலியையும் பயத்தையும் பிரிக்க முடியாது என்பதை இங்கிலாந்தில் கிராண்ட்லி டிக்ரீட் என்ற டாக்டர் 1933லேயே புத்தகமாக எழுதினார். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் வளரும் என்பது அவருடைய வாதம். ஆகவே கர்ப்ப காலத்திலேயே மனத்தைத் தயார் செய்யவேண்டும் என்றார். பிறகு 1980இல் குவாதமாலா நாட்டில் கென்னல், கிளவுஸ் என்ற டாக்டர்களும் அவர்களுடைய சகாக்களும் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். முதல் பிரசவத்துக்கு வந்தவர்களில் சிலரை வழக்கம்போலத் தனியாக விட்டார்கள். சிலருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அவள் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல, உறவும் அல்ல. முதுகைத் தடவினாள், கையைப் பிடித்தாள், பேசிக்கொண்டிருந்தாள். சிக்கல் இல்லாமல் முடிந்த பிரசவங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களுக்குச் சராசரி சுமார் 19 மணி நேரம் ஆனது. துணை இருந்தவர்களுக்குச் சுமார் 9 மணி நேரம். பிற்பாடு பல நாடுகளில் நடந்த சோதனைகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், துணை இருந்தால் தானாகப் பிரசவமாவது அதிகம், ஆபரேஷன் குறைவு என்பது உறுதியாயிற்று. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் ஆபரேஷனாக இருந்தன என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. ஆபரேஷன் வேண்டியவர்களுக்கு அது தெய்வம். ஆனால் நூற்றில் 45 பேருக்கும் அது வேண்டியிருந்திருக்குமா?

இப்படிப் பக்கத்தில் இருப்பவளுக்கு மேல்நாட்டில் டூலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டானா ரஃபேல் என்ற மானிடவியல் அறிஞர் 1973இல் தாய்ப்பாலைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வழங்கிய சொல் அது. பழைய கிரேக்கத்தில் அதற்கு அடிமைப் பெண் என்று பொருள். பாருங்கள், அங்கேயும் அவள் அடிமைதான். இங்கேயும் திண்ணைக்கு வெளியேதான். இப்போது பெரிய நகரங்களில் டூலாவுக்குக் கட்டணம் உண்டு, பயிற்சி உண்டு, மரியாதையும் உண்டு. பழம்புடவை வாங்கிக்கொண்டு போனவளுக்குக் கொடுக்க மறந்த மரியாதை, வேறொரு பெயருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பணம் இல்லாதவர்களுக்கும் வழி பிறந்தது என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2004இல் தமிழ்நாட்டு சர்க்கார் தன் ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வலி கண்டவளோடு உறவுக்காரப் பெண் ஒருத்தி உள்ளே இருக்கலாம். 2016இல் மத்திய சர்க்காரும் இதைப் பின்பற்றி நாடு முழுவதற்கும் வழிமுறை வகுத்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் தன் பிரசவக்காலப் பரிந்துரைகளில் துணையைச் சேர்த்தது. மத்திய சர்க்காரின் வழிமுறையில் துணைக்கு வருகிறவளின் யோக்கியதை என்ன தெரியுமா? அவள் தானும் பிரசவ வலியை அனுபவித்தவளாக இருப்பது நல்லது, தொற்று நோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடை வேண்டும், வைத்தியத்தில் குறுக்கிடக்கூடாது. முதல் யோக்கியதை சரகர் சொன்னது. மற்றவை ஸெம்மல்வெய்ஸ் கற்றுக்கொடுத்தவை. பிரிந்து போன இரண்டும் ஒரே காகிதத்தில் மறுபடி சேர்ந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காகிதத்தில் சேர்ந்தது எல்லா அறைகளிலும் சேர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஒரே அறையில் நாலு கட்டில் போட்டு, நடுவில் திரைகூட இல்லாத இடத்தில் துணையை எங்கே உட்கார வைப்பது? இதற்கு வேண்டியது வேதாந்தம் அல்ல. ஒரு திரை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

துணையின் வேலை பிள்ளை பிறந்தவுடன் முடிந்துவிடுவதும் இல்லை. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடி அரங்கேற்றியது காஞ்சியில் குமரகோட்டத்தில். அந்தப் புராணத்து முருகனுக்குப் பால் கொடுத்து வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். தெய்வக் குழந்தைக்கே ஆறு பேர் வேண்டியிருந்தது. நம் வீடுகளில் இன்று ஒருத்தி. பல வீடுகளில் அவளும் தனி. பிள்ளை அழுகிறது, பால் போதவில்லை என்று தோன்றுகிறது, இரவு தூக்கம் இல்லை. காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. அவளைப் பார்த்து, "பிள்ளை பெற்றவள் அழலாமா?" என்று கேட்கிறோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, லேகியம், வேது, வெந்நீர்க் குளியல் என்று பழைய ஏற்பாட்டில் மூடநம்பிக்கை கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த நாற்பது நாளும் அவளைத் தனியே விடக்கூடாது என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

எங்கள் ஊர்க் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவர் ஒருவர்தான் என்றாலும், கரையின் நாடாவை எறியப் பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்காருவார். கடையில் புடவையை விரித்துப் பார்க்கிறவர்கள் அவரை நினைப்பதில்லை. அவர் இல்லாவிட்டால் உடலும் கரையும் கோர்த்துக்கொள்ளாது.

வளைகாப்பு நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. சர்க்காரும் ஏழைக் கர்ப்பிணிகளுக்குச் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. கர்ப்பிணியைச் சுற்றிப் பெற்றவர்களாக உட்கார்ந்து, சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, சித்திரான்னம் கட்டிக் கொடுக்கிறோம். எல்லோரும் எழுந்து போவதற்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உள்ளே இவளோடு யார் போகப் போகிறீர்கள்? பெயரைச் சொல்லட்டும். சொன்னவள் நகத்தை வெட்டிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு, துவைத்த புடவை ஒன்றை எடுத்துத் தயாராக வைக்கட்டும்.